லாரி நிறைய வசவு

ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்களின் பெயர்களை வாசிப்பார்கள். கோல் காவலர் ஜெயபாலன் என்றால் நல்ல கைத்தட்டல். கார்த்திகேசு என்றால் ஸ்டேடியத்தின் கூரையே எழுந்து நிற்கும். பள்ளிக்கூடப் பெண்கள் கீச்சென்று கத்துவார்கள், சீனப் பையன்கள் விசில் அடிப்பார்கள், மலாய்க்காரப் பெரியவர்கள்கூடத் தொடையில் தட்டுவார்கள். அடுத்து பத்துமலை என்பார்கள். கச்சாங் பூத்தே விற்பவன் 'கச்சாங், கச்சாங்' என்று கடலைக்குக் கூவுவது அப்போது ஈப்போ முழுக்கக் கேட்கும்.

பத்துமலை என் புருஷன்.

கார்த்திகேசுவும் அவரும் நடுத்திடலில்தான் ஆடினார்கள். ஒரே வேலை, ஒரே நிறச் சட்டை. கார்த்திகேசு பந்தை வாங்கினால் இரண்டு பேரைத் தாண்டி, தலைமுடியை ஒதுக்கி, மூன்றாவது ஆளிடம் பறிகொடுத்துவிட்டு வானத்தைப் பார்ப்பான். சனம் 'ஆகா' என்னும். இவர் ஓடிப்போய் அதே பந்தைத் திரும்பப் பிடுங்கி, பக்கத்தில் நிற்பவனிடம் தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தன் இடத்துக்கு ஓடுவார். சனம் அதற்குள் கார்த்திகேசுவின் முடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். நான் துணித் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவள். காலர் கோணினால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான். சரியாக உட்கார்ந்த காலரை எவனும் பாராட்டியதில்லை. அதனால் எனக்கு அவர் ஆட்டம் புரிந்தது. ஆனால் பெண்டாட்டியே எழுந்து கத்தினால் ஊர் சிரிக்குமே என்று நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

புந்தோங் முனையில் நைனா முகம்மது பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சுவர் முழுக்கப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய ஆட்டக்காரர் படங்கள். கார்த்திகேசு நின்றால், குனிந்தால், தும்மினால் ஒரு படம். என் புருஷன் ஒரே ஒரு குழுப்படத்தில் இருந்தார், கார்த்திகேசுவின் முடிக்குப் பின்னால், ஒரு காது மட்டும். ஒருநாள் நாங்கள் அங்கே ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாய் வந்து இவரை உற்றுப் பார்த்தார்.

"தம்பிய எங்கியோ பாத்த மாதிரியே இருக்கு. பாசார்ல மீன் கடையா?"

"இல்ல பாய். ஸ்டோர்ல வேலை," என்றார் இவர், சிரிக்காமல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரொட்டியைத் துகள் துகளாகப் பிய்த்துப் போட்டேன். "சொல்லக் கூடாதா நீங்க யாருன்னு?" என்று வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "சொன்னா மட்டும் சாம்பார் கூட ஊத்துவாரா?" என்றார். அந்த மனிதரோடு சண்டை போடவும் முடியாது. தண்ணீரைக் கத்தியால் வெட்டினால் என்ன ஆகும்?

அதுவரை இது வெறும் ஆத்திரம்தான். எண்பத்தெட்டாம் வருஷம் அது பயமாக மாறியது. அடுத்த வருஷம் முதல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள ஒப்பந்தம், வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வரலாம் என்று பேச்சு வந்தது. குழுவின் தலைவர் சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர். அவர் பயிற்சிக்கு வந்து, நடுத்திடலுக்கு வெளிநாட்டு ஆள் ஒருவனைக் கொண்டுவரப் போவதாகவும், கார்த்திகேசு, பத்துமலை இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம் இருக்கும் என்றும் நேராகவே சொல்லிவிட்டார். யாருக்காகச் சனம் டிக்கெட் வாங்குகிறதோ அவன் இருப்பான். சனிக்கிழமை சொந்த ஊரில் கடைசி ஆட்டம். அன்றைக்குக் காதைத் திறந்து வைத்துக் கேட்கப் போவதாகச் சொன்னாராம்.

இதைச் சொல்லிவிட்டு இவர் காலணியைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப என்னங்க பண்றது?"

"பாப்போம் லா."

என்னத்தைப் பார்ப்பது? அரசாங்க இலாகா ஒன்றில் அவருக்கு ஸ்டோர் வேலை கொடுத்ததே காற்பந்துக்காக. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வீடு வேலையோடு வந்தது. குழுவில் பெயர் போனால் வேலை இன்னொரு ஆட்டக்காரனுக்கு, வீடும் அவனுக்கு. புந்தோங்கில் என் அப்பா வீட்டில் அண்ணன்மார் குடும்பங்கள் ஏற்கெனவே கூடத்தில் முறை வைத்துப் படுத்தார்கள். இவர் பிறந்த தோட்டத்திலோ ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டு, தொழிலாளர் லயங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போய் நிற்க ஒரு கூரை இல்லை. அந்த வாரம் தொழிற்சாலையில் நான் தைத்த காலர்கள் எல்லாம் கோணல்.

யோசித்து யோசித்து ஒரு வழிதான் தோன்றியது. சத்தம்தானே வேண்டும்? சத்தம் போட ஆள் கூட்டிவந்தால் போயிற்று. ஆனால் யாரை? இவருக்கு என்று இருந்தவர்கள் தோட்டத்து ஆட்கள் மட்டும்தான். அவர்களிடம் போக எனக்குப் பிடிக்காது.

காரணம் இவருடைய அம்மா, என் அத்தை காளியம்மா. சிலிம் ரிவர் பக்கம் மூணாங்கட்டைத் தோட்டத்தில் இருந்தார். நாங்கள் போனால், மகன் வாசலில் கால் வைத்ததும், "வந்துட்டியா மூதேவி? ஒனக்குப் போறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்து, "என்னடா, ஒன்ன இன்னும் தொரத்தலியா?" என்பார்கள். என்னிடம் மட்டும், "வாங்கம்மா, உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அத்தனை மரியாதை. பெற்ற பிள்ளையை நாய் விரட்டுவதுபோல் விரட்டுகிறவள் என்ன தாய் என்று எனக்குக் கொதிக்கும். இவரோ அந்த அம்மாள் அறுத்துச் சமைத்த கோழியைச் சிரித்துக்கொண்டே தின்பார். இந்த மனிதரைப் பெற்ற ஊருக்கே இவரைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்து, தீபாவளி, பொங்கலோடு போக்குவரத்தை நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் ஆபத்துக்குப் பாவமில்லை. இவரிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன்.

இவரோடு சின்ன வயதிலிருந்து பந்து உதைத்த அர்ச்சுனன் அண்ணன் அங்கே பக்கத்துத் தோட்டங்களின் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். லாரிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"சனிக்கிழம லாரி நெறைய ஆள் வேணும் அண்ணே. அவர் பேரு ஸ்டேடியம் முழுக்கக் கேக்கணும்."

"கத்தணும், அவ்ளோதானே தங்கச்சி?"

"தொண்டை கிழியக் கத்தணும்."

"அத எங்ககிட்ட விட்டுடு லா. பத்துமலைக்குக் கத்த எங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமா? அவன் இந்தப் பாடாங் திடல்ல ஆடுறப்ப நாங்க போட்ட சத்தத்துல மாடெல்லாம் கயித்த அத்துக்கிட்டு ஓடும்."

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "அவ்ளோ பெரிய கூட்டத்துல எம் மவன ஒருத்தரும் பாராட்டுறதில்லீங்களாம்மா?" என்றார்.

"ஒருத்தரும் இல்ல அத்தை."

அவர் முகத்தில் நிம்மதி வந்ததுபோல் எனக்குப் பட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த முகத்தை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை இருட்டிக்கொண்டு நின்றது. நான் ஸ்டேடியத்துக்குச் சீக்கிரமே போய், டத்தோ உட்காரும் இடம் தெரிகிற மாதிரி ஓர் இடம் பிடித்தேன். கூட்டம் நிறைந்தது. டத்தோ வந்தார், விளம்பரக் கம்பெனி ஆள் ஒருவரோடு. லாரியைக் காணோம். வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. ஜெயபாலன், கைத்தட்டல். கார்த்திகேசு, கூரை எழுந்து நின்று உட்கார மனசில்லாமல் நின்றுகொண்டே இருந்தது. பத்துமலை. கச்சாங், கச்சாங். டத்தோ கம்பெனி ஆளிடம் சாய்ந்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். என் வீட்டு அடுப்பை யாரோ தூக்கித் தெருவில் வைத்ததுபோல் இருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்கள். வழியில் டயர் வெடித்துவிட்டதாம். தலையில் துண்டு கட்டிய ஆண்கள், கூடையில் சோற்றுப் பொட்டலத்தோடு பெண்கள், நடுவில் அத்தை, எல்லாரும் படிக்கட்டில் ஏறி எனக்கு எதிர்ப்பக்கத்து மூலையில் கும்பலாக நின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அர்ச்சுனன் அண்ணன் இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"டேய் பத்துமலே! ஓடுறியா, இல்ல தூங்குறியாடா, பன்னாடை!"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அதற்குள் இன்னொருவர், "நொண்டிக் கழுத! பந்து அங்க போவுதுடா!" என்றார். ஒரு கிழவி, "சோத்துக்குத்தாண்டா நீ லாயக்கு!" என்றாள். பிறகு லாரியில் வந்த அத்தனை பேரும் சேர்ந்து, "பத்துமலே! பன்னாடை! பத்துமலே! பன்னாடை!" என்று தாளம் போட ஆரம்பித்தார்கள். சொன்னபடிதான் செய்தார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள்.

கூட்டத்துக்கு இது போதாதா? பக்கத்திலிருந்த நம் பையன்கள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். இவ்வளவு காலமாக அவர் பெயரைச் சொல்லாத ஸ்டேடியம் முதல் முறையாகச் சொன்னது, கூடவே பன்னாடை என்றது. டத்தோ எழுந்து நின்று அந்தப் பக்கமே பார்த்தார்.

நான் எப்படி அத்தனை பேர் காலை மிதித்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன் என்று தெரியாது. "நீங்கல்லாம் மனுசங்களா? ஒரு வார்த்த நல்லதா கத்தச் சொன்னா, வீட்ட விட்டே தொரத்தப் பாக்குறீங்களே!" என்று அத்தையின் முகத்துக்கு நேரே கத்தினேன்.

அத்தை அதிர்ந்துபோனார். "என்னம்மா பேசுறீங்க? நல்லா ஆடுறவனப் பாத்து நல்லா ஆடுறன்னு யாராச்சும் கத்துவாங்களா? கண்ணு பட்டுப் போயிடாது?"

"என்ன கண்ணு?"

"இவங்கப்பா சன்னாசி எப்படி ஆடுவாரு தெரியுமா? தோட்டக் கப்பு ஜெயிச்ச அன்னிக்குத் தொர அவர மேடையில ஏத்தி மாலை போட்டாரு. இவன மாதிரி ஆளு இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்லைன்னாரு. எல்லாரும் கைதட்டுனோம். நானுந்தான் தட்டுனேன். அடுத்த வாரம் மழையில ரப்பர் பால் வாளியோட கால்வாயில விழுந்து காலு ஒடிஞ்சுது. அதுக்கப்பறம் அவரு பந்தத் தொடவே இல்ல." அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னையிலருந்து எங்க தோட்டத்துல ஆடுறவன யாரும் பாராட்டுறதில்லம்மா. யார ரொம்பப் புடிக்குதோ அவனுக்குத்தான் ரொம்பத் திட்டு. கேட்டுப் பாருங்க, இங்க இவன் அளவுக்குத் திட்டு வாங்குனவன் வேற எவனுமில்ல."

என் சின்னம்மாவின் பெயர் குப்பாயி. அவருக்கு முன் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால் எமனுக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று வைத்த பெயர். டவுனில் பிறந்தவள் என்று பெருமை பேசிய எனக்கும் இதெல்லாம் தெரியாத கதை இல்லை. மூதேவி என்று வரவேற்றுக் கோழி அறுத்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆனால் விளங்கி என்ன? டத்தோவுக்கு விளங்குமா? இதை யார் போய் அவர் காதில் சொல்வது?

திடலைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். இவர் ஓடிக்கொண்டிருந்தார். சத்தம் வந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பந்து போன இடத்துக்கெல்லாம் அவரும் போனார். சொல்லப்போனால் எப்போதையும்விட வேகமாகவே போனார். முகத்தில், நான் கோழிக்குழம்பு இலைக்கு முன்னால் மட்டுமே பார்த்திருந்த அந்தச் சிரிப்பு இருந்தது.

வாய்க்கு ருசி கண்ட கூட்டம் சும்மா இருக்குமா? இடைவேளைக்குப் பிறகு கார்த்திகேசு வழக்கம்போல் இரண்டு பேரைத் தாண்டி மூன்றாவது ஆளிடம் பந்தைப் பறிகொடுத்தான். எங்கோ ஒரு குரல், "கார்த்திகேசு! பன்னாடை!" என்றது. அது தோட்டத்து ஆள் இல்லை. நேற்றுவரை அவனுக்கு விசில் அடித்த பையன். சிரிப்பும் கூச்சலுமாக ஸ்டேடியம் அதைப் பிடித்துக்கொண்டது. பாவம், கார்த்திகேசு தன் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. அப்படியே நின்றுவிட்டான். கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். அடுத்த பந்தை வேண்டுமென்றே ஓங்கி உதைத்து வெளியே அனுப்பினான். அதற்கும் கூச்சல். அதற்கு அடுத்ததில் பந்தை விட்டுவிட்டு எதிரணிக்காரனின் காலை உதைத்தான். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டு வேறொருவனை அனுப்பினார். கார்த்திகேசு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில் ஒரு கோல் விழுந்தது. இவர் பிடுங்கிக் கொடுத்த பந்துதான். போட்டவனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். இவர் ஒரு ஓரமாகக் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "இம்புட்டுதானாடா ஒன் வீரம்!" என்றார் அர்ச்சுனன் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஆட்டம் முடிந்து வாசலுக்கு வெளியே லாரியருகே நின்றோம். தோட்டத்து ஆட்கள் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்குக் கொடுத்த பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. கார்த்திகேசு வெளியே வந்தான். நாலைந்து பெண்கள் அவனைச் சூழ்ந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. பாத்திரங்களை எந்த அண்ணன் வீட்டில் போட்டு வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் போன பிறகு இவர் வந்தார். கையில் காலணி, முகத்தில் வழக்கமான ஒன்றுமின்மை. அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"டத்தோ கூப்பிட்டாரு," என்றார்.

"என்ன சொன்னாரு?"

"மூலையில கத்துறாங்களே, ஒன்ன ஏன் இப்படித் திட்றாங்க, ஒனக்கு எதிரிங்களான்னு கேட்டாரு."

"நீங்க?"

"நடுவுல வெத்தல போட்டுக்கிட்டுத் திட்டுறது எங்கம்மான்னேன்."

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இத வேற போய்ச் சொன்னியா, வெளங்காதவனே?" என்றார்.

"டத்தோ சிரிச்சிட்டாரு. அப்பறம் சொன்னாரு, கோத்தா பாருவுல ஆடப் போனா போத்தல் வீசுறான், குவாந்தான்ல காது கூசத் திட்டுறான், கைத்தட்டல் கேட்டா மட்டும் ஆடுறவன வச்சு நான் என்ன பண்றது, பெத்த தாயே இப்படித் திட்டியும் திரும்பிப் பாக்காம ஆடுறவன்தான் வேணும்னாரு." காலணியைக் கீழே வைத்தார். "திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போடச் சொன்னாரு."

லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். வீடு இருக்கிறது. பாத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவரிடம் என்னவெல்லாமோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருஷமாக நான் வாயைத் திறந்து சொல்லாததையெல்லாம்.

அந்த நேரம் பார்த்து நைனா முகம்மது பாய் ஓட்டமும் நடையுமாக வந்தார். "தம்பி! நீங்கதானா அது! அல்லா, என்னா ஆட்டம்! தங்கம் தம்பி நீங்க, தங்கம்! ஒங்க காலுக்குத் தங்கக் காப்பு போடணும்! பேராக் முழுக்கத் தேடுனாலும் ஒங்க மாதிரி ஒரு காலு..."

தோட்டத்து ஆட்கள் மென்றதை நிறுத்திவிட்டார்கள். அத்தையின் முகம் வெளுத்துப்போயிற்று. பாய் இன்னும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை, கால்வாய், மாலை போட்ட அந்த மேடை எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தங்கமாவது தகரமாவது! குனிஞ்சு காலொற இழுத்துக்கிட்டு நின்ன பன்னாடை! காலப் பாரு, வெறகுக் கட்டையாட்டம்! நிக்கிறியே, ஏறுடா வண்டியில!"

கட்டிய புருஷனை, அவர் ஊர் முன்னால், பெற்ற தாய் முன்னால், டா போட்டுவிட்டேன். பாய் திறந்த வாயை மூடவில்லை. அர்ச்சுனன் அண்ணன் லாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். என் புருஷன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கோழிக்குழம்புச் சிரிப்பு அவர் முகத்தில் மெல்ல வந்தது. காலணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முன் இருக்கையில் அத்தை நகர்ந்து இடம் விட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை வாங்கம்மா, உக்காருங்கம்மா என்றே கூப்பிட்டவர்.

"வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறா பாரு, கழுத," என்றார். "வந்து ஏறித் தொலை."